வக்கீல் வராம எக்ஸ்பார்ட்டி ஆன கேஸை மறுபடி திறக்க முடியுமா?

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம்னு நம்ம பக்கத்துல எந்த டீக்கடையில உக்காந்தாலும் கோர்ட்டுப் பேச்சு ஒண்ணு வந்துரும். வரப்புத் தகராறு, ப்ரோநோட்டுக் கடன், அண்ணன் தம்பி பாகப்பிரிவினை, ஏதாச்சும் ஒண்ணு. அந்தப் பேச்சுல ரெண்டு விஷயத்தை எல்லாரும் அடிச்சுச் சொல்லுவாங்க. ஒண்ணு, "எக்ஸ்பார்ட்டி ஆயிருச்சா, அப்ப முடிஞ்சுதுங்க." எக்ஸ்பார்ட்டின்னா நம்ம பக்கம் யாரும் வராததால நாம இல்லாமலே கேஸை நடத்தி முடிக்கறது. இன்னொண்ணு, "வக்கீல் மேல தப்புன்னு ஒரு பெட்டிஷன் போட்டாப் போதும், அந்தத் தீர்ப்பை கோர்ட்டே நீக்கிரும்." ரெண்டுமே தப்பு. மொதல்ல சொன்னதை நம்புனா, ஜெயிக்க வேண்டிய கேஸுலயும் நிலத்தை விட்டுட்டு உக்காந்திருப்போம். ரெண்டாவதை நம்புனா மெதுவாப் போயிக்கலாம்னு இருந்து, போறப்ப கதவு சாத்தியிருக்கும்.

எல்லைல இருக்கிற நமக்கு இது இன்னும் கஷ்டம். வீடு ஒரு பக்கம், தோப்பு ஒரு பக்கம், கேஸு பாலக்காட்டுச் சித்தூர்லயோ பொள்ளாச்சிலயோ நடக்கும், வர்ற பேப்பர் மலையாளத்துலயோ இங்கிலீஷ்லயோ இருக்கும், வீட்டுல பேசறது தமிழ், அதனால பேப்பரைப் படிச்சுப் பாக்காமலே "வக்கீல் சார் பாத்துக்குவாரு"ன்னு கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்தர்றோம். குமாஸ்தா நம்பர் ஒண்ணு போன்ல இருக்கும், அவ்வளவுதான் நமக்கும் கேஸுக்கும் உள்ள தொடர்பு. அந்த ஒத்தை நூல் அறுந்தா என்ன ஆகும், திரும்ப எப்படிக் கட்டறதுங்கிறதைத்தான் இங்க சொல்லப் போறேன். எல்லைக்கு ரெண்டு பக்கமும் இந்த விஷயத்துக்கு ஒரே சட்டம்தான், 1908-ம் வருஷத்து சிவில் நடைமுறைச் சட்டம், அதனால கேரளா கோர்ட்டா தமிழ்நாட்டுக் கோர்ட்டாங்கிற குழப்பம் வேண்டாம்.

ஊர்க்கூட்டத்துக்கு மச்சானை அனுப்புன கதை

வாய்க்கால் தண்ணி முறைக்கு ஊர்க்கூட்டம் கூடுதுன்னு வச்சுக்குங்க. உங்களால போக முடியல, மச்சானைக் கூப்பிட்டு "எனக்காக நீ போய்ப் பேசிட்டு வா"ன்னு சொல்லி பழைய சீட்டெல்லாம் குடுத்து அனுப்பறீங்க. மச்சான் போகல. பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்து நேரம் வரைக்கும் காத்திருந்து, அவர் ஞாயத்தைச் சொல்லி, செவ்வாய்க்கிழமைத் தண்ணி அவருக்குன்னு முடிவாயிருது. அப்புறம் நீங்க போய் "மச்சான் வரலீங்க, மறுபடி கூட்டுங்க"ன்னு கேக்கறீங்க.

பெரியவங்க உடனே சரின்னும் சொல்ல மாட்டாங்க, முடியாதுன்னும் சொல்ல மாட்டாங்க. கேள்வி கேப்பாங்க. மச்சானை எப்ப அனுப்புனீங்க? அன்னிக்குச் சாயங்காலம் என்ன ஆச்சுன்னு கேட்டீங்களா? முடிவு உங்க காதுக்கு எப்ப வந்துச்சு? வந்த அடுத்த நாளே ஏன் வரல? அந்தப் பக்கத்துக்காரரும் சும்மா இருக்க மாட்டாரு, "அந்தத் தண்ணிய நம்பி நான் நாத்து விட்டாச்சுங்க"ம்பாரு. அதுவும் ஞாயம்தான். நீங்க அடுத்த நாள் காலைலயே ஓடி வந்திருந்தா, அவருக்கு வீணாப் போன ஒரு நாள் கூலியக் குடுக்கச் சொல்லிட்டு மறுபடி கூட்டிருவாங்க. ஆறு மாசம் கழிச்சு வந்தா யோசிப்பாங்க. கோர்ட்டு செய்யறதும் கிட்டத்தட்ட இதேதான்.

எக்ஸ்பார்ட்டி டிக்ரி எப்படி வருது

கேஸு போட்டவர் வாதி, யார் மேல போட்டாங்களோ அவர் பிரதிவாதி. வாதி பிராது தாக்கல் பண்ணுனதும் கோர்ட்டு பிரதிவாதிக்கு சம்மன் அனுப்பும், அதாவது "உங்க மேல இப்படி ஒரு கேஸு இருக்கு, இன்ன தேதிக்கு வாங்க"ங்கிற உத்தரவு. பிரதிவாதி ஒரு வக்கீலுக்கு வக்காலத்து, அதாவது எனக்காக நீங்க ஆஜராகலாம்ங்கிற கையெழுத்து, போட்டுக் குடுப்பாரு. அப்புறம் பதிலுரை தாக்கல் பண்ணணும். வாதி சொல்றதுல எது சரி எது பொய்னு எழுத்துல குடுக்கற பதில் அது. சம்மன் கிடைச்ச 30 நாளுக்குள்ள குடுக்கணும், கோர்ட்டு காரணத்தை எழுதி வச்சு 90 நாள் வரைக்கும் விடலாம்னு சட்டம் சொல்லுது.

இப்ப வக்கீல் பதிலுரை போடல, இல்லைன்னா போட்டுட்டு விசாரணை வாய்தாவுக்கு வரல. கூப்பிடறாங்க, யாரும் இல்ல. கோர்ட்டு பிரதிவாதிய எக்ஸ்பார்ட்டின்னு வச்சுரும், அதாவது அவர் இல்லாமலே கேஸை நடத்தலாம்னு உத்தரவு. அப்புறம் வாதி அவர் தரப்புப் பிரமாணப் பத்திரத்தையும் ஆவணங்களையும் குடுப்பாரு, மறுத்துக் கேள்வி கேக்க ஆள் இல்ல, கோர்ட்டுக்குத் திருப்தியாச்சுன்னா டிக்ரி குடுத்துரும். டிக்ரின்னா யாருக்கு என்ன உரிமைங்கிற கடைசி முடிவு. ஆள் வரலைங்கிறதுக்காக மட்டும் கண்ணை மூடிட்டுக் குடுக்கக் கூடாது, வாதி அவர் கேஸை நிரூபிச்சே ஆகணும், ஆனா எதிர்ல யாரும் இல்லாதப்ப நிரூபிக்கறது எவ்வளவு லேசுன்னு உங்களுக்கே தெரியும்.

இதுல ரெண்டு படி இருக்கு, பலரும் போட்டுக் கொழப்பிக்கறாங்க. எக்ஸ்பார்ட்டின்னு வச்சுட்டாங்க ஆனா டிக்ரி இன்னும் வரலைன்னா, சிவில் நடைமுறைச் சட்டத்துல ஆர்டர் 9 ரூல் 7-ல ஒரு சின்ன மனு போட்டு நல்ல காரணம் காட்டி உள்ள வந்தர்லாம், இது கொஞ்சம் சுலபம். டிக்ரியே வந்துருச்சுன்னா ஆர்டர் 9 ரூல் 13. மீதிக் கட்டுரை பூரா இந்த ரூல் 13 பத்தித்தான்.

சுருக்கமா: எக்ஸ்பார்ட்டி டிக்ரியும் முழுசான டிக்ரிதான், அதை வச்சு ஜப்தியும் பண்ணலாம், 12 வருஷம் வரைக்கும் நிறைவேத்த மனு போடலாம். ஆனா அதை நீக்கச் சொல்லிக் கேக்க அதே கோர்ட்டுல வழி இருக்கு.

ரூல் 13-ல ரெண்டு வாசல்

டிக்ரிய நீக்க சட்டம் ரெண்டே காரணம்தான் ஒத்துக்கும். ஒண்ணு, சம்மன் முறையா சார்வு ஆகல, அதாவது சட்டம் சொல்ற மாதிரி உங்ககிட்ட வந்து சேரல. ரெண்டு, கேஸு கூப்பிட்ட அன்னிக்கு வர முடியாம போனதுக்குப் போதுமான காரணம் இருந்துச்சு.

இந்த எடத்துலதான் நம்ம ஆளுங்க பெரிய தப்புப் பண்றாங்க. வக்கீல் வரலைங்கிறதுதான் உண்மையான காரணம், ஆனா யாரோ சொல்லிக் குடுத்து "எனக்கு சம்மனே வரலைங்க"ன்னு எழுதிர்றாங்க. கோர்ட்டுக் கட்டுல நீங்க கையெழுத்துப் போட்ட வக்காலத்து இருக்கும். சம்மன் வராம வக்காலத்து எப்படி வந்துச்சுன்னு ஜட்ஜ் ஒரே கேள்வி கேட்டா முடிஞ்சுது, அதுக்கப்புறம் நீங்க சொல்ற உண்மையையும் நம்ப மாட்டாங்க. வக்கீல் வச்சிருந்தீங்கன்னா உங்க வாசல் ரெண்டாவது வாசல், அதுல நேரா வாங்க. நெசமாவே சம்மன் வரலைன்னா அது வேற கதை. உதாரணத்துக்கு, தோப்புல வேலை செய்யறவர் கையில சம்மனைக் குடுத்துட்டுப் போயிருந்தா அது செல்லாது, வேலையாள் குடும்பத்து ஆள் இல்லைன்னு சட்டமே சொல்லுது.

வக்கீல் தப்புக்கு கட்சிக்காரர் கஷ்டப்படணுமா?

1981-ல சுப்ரீம் கோர்ட்டு ரஃபீக் எதிர் முன்ஷிலால் கேஸ்ல இதைப் பேசுச்சு. அலகாபாத் ஹைகோர்ட்டுல அப்பீல் கூப்பிட்டப்ப வக்கீல் வரல, அவர் இல்லாமலே அப்பீலை முடிச்சுட்டாங்க, கட்சிக்காரர் கேட்டும் திறக்கல. சுப்ரீம் கோர்ட்டு திறந்து விட்டுச்சு. அது சொன்ன ஞாயம் நம்மள மாதிரி ஆளுங்க மனசுல வச்சுக்க வேண்டியது: ஊர்ல இருந்து ஒருத்தர் வக்கீலைப் புடிச்சு, கேட்ட ஃபீஸைக் குடுத்து, விவரமெல்லாம் சொல்லிட்டா அவர் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டாரு, வக்கீல் கோர்ட்டுக்குப் போறாரான்னு காவல் காக்கறது அவர் வேலை இல்ல.

இதை மட்டும் வச்சுக்கிட்டு டீக்கடையில பேசறதுனாலதான் ரெண்டாவது தப்பு பரவுது. 1993-ல சலில் தத்தா கேஸ்ல அதே சுப்ரீம் கோர்ட்டு, வக்கீல் தப்புன்னு சொன்னா எப்பவும் நீக்கியே ஆகணும்ங்கிற கட்டாயமெல்லாம் இல்லைன்னுருச்சு. அதுல பிரதிவாதி கல்கத்தாவுல இருந்த ஒரு கம்பெனி, படிச்சவங்க நடத்தறது, நாங்க போட்ட வேற மனுவெல்லாம் முடியற வரைக்கும் வர வேண்டாம்னு வக்கீல் சொன்னாருன்னு காரணம் சொன்னாங்க. விவரம் தெரியாத கிராமத்து ஆளுக்குக் காட்டற சலுகைய இவங்களுக்குக் காட்ட முடியாதுன்னு கோர்ட்டு டிக்ரிய அப்படியே விட்டுருச்சு. 2024 நவம்பர்லயும் ஒரு கேஸ்ல, எல்லாப் பழியையும் வக்கீல் தலைல போட்டுட்டு ஒதுங்க முடியாது, கட்சிக்காரரும் விழிப்பா இருக்கணும்னு சொல்லியிருக்காங்க.

ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு முரணாத் தெரியும், கொஞ்சம் உள்ள போய்ப் பாத்தா அப்படி இல்ல. ஜட்ஜ் வக்கீலை மட்டும் எடை போடறதில்ல, உங்களையும் எடை போடறாரு. வக்கீல் என்ன தப்புப் பண்ணாருங்கிறது பாதி. அந்த நேரத்துல நீங்க என்ன பண்ணிட்டு இருந்தீங்கங்கிறது மீதிப் பாதி. என் கணக்குல அந்த ரெண்டாவது பாதிலதான் நெறைய மனு தோத்துப் போகுது.

883 நாள் தாமதம்

இதுக்கு நல்ல உதாரணம் 1998-ல சுப்ரீம் கோர்ட்டு குடுத்த என். பாலகிருஷ்ணன் எதிர் எம். கிருஷ்ணமூர்த்தி தீர்ப்பு. சென்னை ஹைகோர்ட்டுல இருந்து போன கேஸு. சொத்து யாருக்குங்கிற வழக்குல 1991-ல எக்ஸ்பார்ட்டி டிக்ரி. பிரதிவாதி தெரிஞ்சதும் நீக்கச் சொல்லி மனுப் போட்டாரு. அந்த மனுவும் 1993-ல ஆள் வராம தள்ளுபடியாச்சு, வக்கீல் அதை அவர்கிட்டச் சொல்லவே இல்ல. 1995-ல டிக்ரிய நிறைவேத்தற மனுல இருந்து நோட்டீஸ் வந்தப்பவும் வக்கீல்கிட்டப் போனாரு, திரும்பக் கையெழுத்து வாங்கிட்டாங்க. அப்புறம் பாத்தா வக்கீல் தொழிலையே விட்டுட்டு ஒரு கம்பெனி வேலைக்குப் போயிட்டாரு. அந்த 1993 தள்ளுபடிய நீக்கச் சொல்லிப் புது மனு போடறப்ப மொத்தம் 883 நாள் தாமதம்.

கீழ்க்கோர்ட்டு ஏத்துக்கிச்சு, ஹைகோர்ட்டு முடியாதுன்னுச்சு, சுப்ரீம் கோர்ட்டு மறுபடி ஏத்துக்கிச்சு. நீதிபதி கே.டி. தாமஸ் எழுதுன அந்தத் தீர்ப்பு, தாமதம் எத்தனை நாள்ங்கிறது பெரிசில்ல, சொல்ற விளக்கம் ஏத்துக்கற மாதிரி இருக்கா இல்லையாங்கிறதுதான் அளவுகோல்னு சொல்லுது. கொஞ்ச நாள் தாமதத்தையும் விளக்கம் சரியில்லைன்னா மன்னிக்க முடியாம போகலாம், ரொம்ப நாள் தாமதத்தையும் விளக்கம் திருப்தியா இருந்தா மன்னிக்கலாம். அதே நேரத்துல எதிர்த்தரப்பு இத்தனை வருஷம் செலவு பண்ணியிருக்காங்கல்ல, அதுக்கு 10,000 ரூபா கட்டணும்னு கண்டிஷனும் போட்டாங்க. அந்த மனுஷன் வக்கீல் மேல நுகர்வோர் மன்றத்துக்கும் போயி 50,000 ரூபா நஷ்டஈடு வாங்கியிருந்தாரு. சும்மா கையக் கட்டிட்டு உக்காரலைங்கிறதுக்கு இதைவிட வேற என்ன சாட்சி வேணும், சொல்லுங்க.

30 நாள் கணக்கு எப்ப ஆரம்பிக்குது

ரூல் 13 மனுவுக்குக் கெடு 30 நாள். லிமிடேஷன் சட்டம் 1963, ஆர்ட்டிகிள் 123. "எனக்குத் தெரிஞ்ச நாள்ல இருந்துதானே 30 நாள்?"னு எல்லாரும் கேக்கறாங்க. சம்மன் முறையா சார்வு ஆகாதவங்களுக்குத்தான் தெரிஞ்ச நாள்ல இருந்து. சம்மன் வாங்கி வக்கீல் வச்சவங்களுக்கு டிக்ரி தேதில இருந்தே கணக்கு ஓடுது, வக்கீல் சொல்லாம விட்டாலும் ஓடுது. அதனால வக்கீல் தப்புக் கேஸ்ல உங்களுக்கு விஷயம் தெரிய வர்றப்பவே பெரும்பாலும் 30 நாள் தாண்டியிருக்கும். ரெண்டு மனு சேத்துப் போடணும்: டிக்ரிய நீக்க ஒண்ணு, லிமிடேஷன் சட்டம் பிரிவு 5-ல தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒண்ணு. ரெண்டாவது மனு இல்லாம மொதலாவதைப் போட்டா உள்ளயே போகாது.

பிரமாணப் பத்திரத்துல என்ன எழுதறது

வழக்கமா எழுதற வரி இது: "என் வக்கீலின் கவனக்குறைவால் ஆஜராக இயலவில்லை, அது வேண்டுமென்றே செய்தது அல்ல." இதுல தேதி இல்ல, ஆதாரம் இல்ல, ஆளே இல்ல. யாரு வேணா எதுக்கு வேணா இதை எழுதலாம், ஜட்ஜும் தெனமும் இதைப் பாத்துப் பாத்துச் சலிச்சிருப்பாரு.

கொழிஞ்சாம்பாறைல தென்னந்தோப்பு வச்சிருக்கிற ஒருத்தர் மேல, ஒரு கொப்பரை வியாபாரி சித்தூர் முன்சீஃப் கோர்ட்டுல பணக் கேஸு போட்டிருக்காருன்னு வச்சுக்குங்க. அவர் எழுத வேண்டியது இந்த மாதிரி இருக்கணும்: மார்ச் 4 வக்காலத்துல கையெழுத்துப் போட்டேன், அன்னிக்கே ஃபீஸ் ஜிபேல அனுப்புனேன். ஏப்ரல் 10 பதிலுரைல கையெழுத்துப் போட்டுக் குடுத்தேன். ஜூன் 2-ம் தேதியும் ஜூலை 1-ம் தேதியும் குமாஸ்தாவுக்கு போன் பண்ணுனேன், தேதி வந்தா சொல்றோம்னாங்க, வாட்ஸ்அப் மெசேஜ் இருக்கு. ஜூலை 18 டிக்ரி ஆனது எனக்குத் தெரியாது. ஆகஸ்ட்லயும் செப்டம்பர்லயும் கேட்டப்ப கேஸு நடந்துட்டு இருக்குன்னாங்க. அக்டோபர் 9 ஜப்தி நோட்டீஸ் வந்தப்பதான் தெரிஞ்சுது. அடுத்த நாளே கோர்ட்டுக்குப் போய்க் கேட்டேன், அக்டோபர் 13 சான்று நகலுக்கு மனுப் போட்டேன், பழைய வக்கீல்கிட்டக் கட்டு வாங்கிப் புது வக்கீல் வச்சு அக்டோபர் 24 மனுத் தாக்கல் பண்றேன்.

ஜூலை 18-ல இருந்து 30 நாள்னா ஆகஸ்ட் 17, அதுக்கு மேல அக்டோபர் 24 வரைக்கும் 68 நாள் தாமதம். மனுல அந்த 68-ங்கிற நம்பரைச் சரியா எழுதணும், அந்த நாளெல்லாம் எப்படிப் போச்சுன்னு கதை ஓட்டை இல்லாம நிக்கணும். தெரிஞ்ச பின்னாடி ஆன 15 நாளுக்கும் பதில் வேணும், அதைப் பலரும் மறந்துர்றாங்க. ஜிபே ரசீது, கால் லிஸ்ட், மெசேஜ் எல்லாத்தையும் கூட வைங்க. பழைய வக்கீலே "டைரில தேதிய மாத்தி எழுதிட்டேன், தப்பு என்னோடதுதான்"னு ஒரு பிரமாணப் பத்திரம் குடுத்தா அதைவிடப் பெரிய பலம் இல்ல, மரியாதையா கேட்டுப் பாருங்க, நெறையப் பேரு குடுப்பாங்க. எழுதுனதை அவங்க இங்கிலீஷ்லயோ மலையாளத்துலயோ தயார் பண்ணுவாங்க, கையெழுத்துக்கு முன்னாடி தமிழ்ல வாய்விட்டுப் படிச்சுச் சொல்லச் சொல்லுங்க.

சுருக்கமா: எப்ப என்ன செஞ்சீங்கங்கிற தேதிக்கணக்கு, அதுக்கு ஆதாரம், தெரிஞ்ச பின்னாடி காட்டுன வேகம். இந்த மூணும் இருந்தா வக்கீல் தப்பு போதுமான காரணம் ஆகும்.

இதுக்கு நடுவுல ஜப்தி வந்தா

மனுப் போட்டுட்டதால டிக்ரி நின்னுராது. தனியா தடையுத்தரவு கேக்கணும். சித்தூர்ல வாங்குன டிக்ரிய பொள்ளாச்சில இருக்கிற சொத்து மேல நிறைவேத்தணும்னா அந்தக் கோர்ட்டுக்கு மாத்தி அனுப்ப சட்டத்துல வழி இருக்கு, அதனால எல்லை தாண்டி இருக்கோம்ங்கிற தைரியம் வேண்டாம். டிக்ரிய நீக்கற மனுவ ஆனா டிக்ரி குடுத்த கோர்ட்டுலதான் போடணும், ஜப்தி பண்ற கோர்ட்டுல போட்டு நாளை வீணாக்காதீங்க.

எக்ஸ்பார்ட்டி டிக்ரி மேல நேரா அப்பீலும் போகலாம். ஆனா அப்பீல் வாபஸ் வாங்காம தீர்ப்பாயிருச்சுன்னா அதுக்கப்புறம் ரூல் 13 வாசல் மூடிரும். வக்கீல் தப்புங்கிற கதையச் சொல்லித் திறக்க ரூல் 13-தான் பொருத்தம். அந்த மனு தள்ளுபடியானாலும் அதுமேல அப்பீல் உண்டு.

வக்கீல் மேல நடவடிக்கை

நுகர்வோர் மன்ற வழி இப்ப இல்ல. வக்கீல் சேவை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வராதுன்னு 2024 மே 14-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. நடத்தை மோசம்னா மாநில பார் கவுன்சில்ல புகார் குடுக்கலாம், நஷ்டத்துக்கு சிவில் கேஸும் போடலாம். ஆனா மொதல்ல டிக்ரி மனுவப் போடுங்க, கோவம் அப்புறம்.

வக்கீல் வைக்கக் காசில்லைன்னா தாலுக்கா சட்டப் பணிகள் குழுவுல கேளுங்க, பெண்களுக்கு வருமானம் பாக்காமலே இலவச உதவி உண்டு. 15100-க்கு போன் பண்ணுனா வழி சொல்லுவாங்க. அப்புறம் ஒவ்வொரு கேஸுக்கும் 16 எழுத்துல ஒரு சிஎன்ஆர் நம்பர் இருக்கு, அதை வக்கீல்கிட்ட வாங்கி இ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டா அடுத்த வாய்தா என்னிக்கு, கடைசி வாய்தாவுல என்ன ஆச்சுன்னு நம்மளே பாத்துக்கலாம். வீட்டுல படிக்கற பையனோ பொண்ணோ இருந்தா மாசத்துக்கு ரெண்டு தடவை பாக்கச் சொல்லுங்க.

மனு ஜெயிச்ச பின்னாடி

டிக்ரி நீங்குச்சுன்னா கேஸு ஜெயிச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல, எக்ஸ்பார்ட்டிக்கு முன்னாடி இருந்த எடத்துக்கு கேஸு திரும்ப வருது, கடன் வாங்கலைன்னு இனிதான் காட்டணும். கோர்ட்டு பெரும்பாலும் கண்டிஷன் போடும்: எதிர்த்தரப்புக்கு இவ்வளவு செலவுத்தொகை இன்ன தேதிக்குள்ள குடுக்கணும், சில சமயம் டிக்ரித் தொகைல ஒரு பகுதிய கோர்ட்டுல கட்டணும். அந்தத் தேதி தவறுனா கிடைச்ச உத்தரவு கையை விட்டுப் போயி பழைய டிக்ரி அப்படியே உசுரோட நிக்கும். அதனால உத்தரவு வந்த அன்னிக்கே எவ்வளவு, யாருக்கு, எந்தத் தேதிக்குள்ளன்னு எழுதி வாங்கிட்டு, பணம் கட்டுன ரசீதை கோர்ட்டுல காட்டி, பதிலுரை இன்னும் உள்ள போகலைன்னா அதையும் சேத்து அன்னிக்கே தாக்கல் பண்ணச் சொல்லுங்க.